கை தளரும் இடம்

அன்று சங்குமுனை எஞ்சின் கொட்டகையில் இருந்தவர்கள்:

கஸ்பார். நாட்டுப்படகு மீனவர் சங்கத் தலைவர். கடலுக்குப் போவதைச் சமீபத்தில் நிறுத்திவிட்டு, கடலைப் பற்றிப் பேசுவதை மட்டும் வைத்துக்கொண்டவர்.

செலஸ்டின். சொந்த வள்ளம் உள்ளவன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். யாரும் எதுவும் கேட்காதவரை நல்லவன்.

டெக்லா. செலஸ்டினின் தங்கை. அவள் கணவன் பெர்க்மான்ஸ் ரத்னகிரிப் பக்கம் தொழிலுக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான் என்பது ஊர் சொல்லும் கதை. ஊரில் அவளுக்குப் பெயர் 'ஓடிப்போனவன் பொண்டாட்டி'.

கோமதிநாயகம். எஞ்சின் கம்பெனியிலிருந்து பழுது பார்க்க வந்தவன்.

பிறகு, மரச்சட்டத்தில் மாட்டி வைத்திருந்த ஒரு பழைய எஞ்சின்.

வாசலில் வேடிக்கை பார்க்க நின்ற ஆண்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று கோமதிநாயகம் நினைத்தான். அது அவன் செய்த முதல் தப்பு.

அவன் இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு கம்பெனியின் புகார் மையத்தில் இராப்பணி. காதில் வயரை மாட்டிக்கொண்டு விடியும்வரை அடுத்தவன் எஞ்சின் ஏன் ஓடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவனைக் கம்பெனி ஒருநாள் பையைக் கொடுத்துக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டது. அந்த இரவுகளில் அவன் கற்றது ஒன்றுதான். எஞ்சினுக்குக் கோளாறு வருவது அபூர்வம். கோளாறு எப்போதும் அதை ஓட்டுகிறவனிடம்தான் இருக்கிறது. பேசுகிறவன் குரலைக் கேட்டதுமே அவன் என்ன முட்டாள்தனம் செய்திருப்பான் என்று நாயகத்துக்குத் தெரிந்துவிடும். பத்துக்கு எட்டு பேர் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத்திருகைத் திறக்க மறந்திருப்பார்கள். திருகு மூடியிருந்தால் காற்று உள்ளே போகாது, பெட்ரோல் வெளியே வராது, எஞ்சின் மூச்சடைத்து அடங்கும். சற்று நேரம் கழித்து எங்கிருந்தாவது காற்றுக் கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஏறும். உடனே கம்பெனியைத் திட்டுவார்கள்.

டெக்லாவின் புகாரும் அதே ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் பஸ் ஏறி வந்திருந்தான்.

"நல்லா ஓடிட்டே இருக்கும் சார். திடீர்னு உசிர் போன மாதிரி அடங்கிரும். நான் முறுக்க முறுக்க ஏறாது. கொஞ்சம் தள்ளிப் போனதும் தானா ஏறிக்கிடும்."

"தெனமுமா?"

"இல்ல. சில நாளு விழும். சில நாளு ஒண்ணுஞ் செய்யாது."

கஸ்பார் சிரித்தார். அது பெண் கை என்றும், எஞ்சினுக்கும் அது தெரிகிறது என்றும் சொன்னார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். புருஷன் போனபின் அவளுக்கு இந்தக் கொட்டகையைத் திறந்து பூட்டும் வேலையைச் சங்கம்தான் கொடுத்ததாம். அது போதாது, நானும் கடலுக்குப் போவேன் என்று அவள் நின்றபோது, தலைவர் தன் பழைய எஞ்சினையே தூக்கிக் கொடுத்தாராம். இப்போது அதில் குறை சொல்கிறாளாம். எஞ்சினில் பழுது இல்லை என்று கம்பெனி ஆள் சொல்லிவிட்டால் அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாவிக்கொத்தோடு கரையில் இருக்க வேண்டும். சங்கத்தின் முடிவு அது. இதையெல்லாம் கஸ்பார் தானம் செய்கிறவரின் குரலில் சொல்லி முடித்தார். டெக்லா இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுக்கொண்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாயகத்துக்கு அந்த ஊரைப் பிடிக்கவில்லை. அவனுக்கு எந்த ஊரையும் பிடிப்பதில்லை.

காற்றுத்திருகு திறந்திருந்தது. அவனுக்கு லேசான ஏமாற்றம். பெட்ரோல் குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் பந்தை அமுக்கிப் பார்த்தான், கெட்டியாக நின்றது. வடிகட்டியைக் கழற்றிக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றினான். அடியில் தண்ணீர் இல்லை. பிளக் காய்ந்த செம்பழுப்பில் சுத்தமாக இருந்தது. ஆள் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றின் வயரை ஆட்டிப் பார்த்தான், எங்கும் தொட்டுவிடவில்லை. வள்ளத்தைத் தள்ளும் விசிறியின் உள்ரப்பர் வழுக்குகிறதா என்று பார்த்தான், இல்லை. இத்தனை ஒழுங்காக வைத்திருக்கிற எஞ்சினை அவன் அந்தக் கரையில் பார்த்ததில்லை. அதை அவன் வெளியே சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது எஞ்சின் தலையில் பொருத்திய கறுப்புப் பெட்டி. கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றை வைத்திருந்தது; கடற்கரை முழுக்க 'மண்டை' என்றே சொன்னார்கள். மானியம் வேண்டுமென்றால் மண்டை வைத்த எஞ்சினைத்தான் வாங்கியாக வேண்டும். ஓட்டுகிறவனின் கையைப் படிப்பது அதன் வேலை. எந்த இடத்தில் முறுக்குகிறான், எந்த இடத்தில் தளர்த்துகிறான் என்று நாள் கணக்கில் கவனித்து, பிறகு அவன் கை அசைவதற்குக் கொஞ்சம் முன்பே தானாகக் குறைத்து ஏற்றும். பெட்ரோல் மிச்சமாகும். மீனவனுக்கு மூளை தேவையில்லை, கை போதும் என்று கம்பெனிக் கூட்டத்தில் யாரோ சொல்லிச் சிரித்தது நாயகத்துக்கு நினைவிருந்தது. அன்று அவனும் சிரித்தான்.

பெட்டி, பழுது இல்லை என்று காட்டியது.

"கடல்ல ஓட்டிப் பாத்துருவோம்," என்றான்.

செலஸ்டினும் கூட வரட்டும் என்று கஸ்பார் சொன்னார். கம்பெனி ஆளை ஒரு பொம்பளையை நம்பி அனுப்ப முடியாதாம். செலஸ்டின் வந்து டெக்லாவின் வள்ளத்தின் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டான்.

துறையின் வாயைத் தாண்டியதும் எஞ்சின் முனகித் தணிந்தது. நாயகம் மீட்டரைத் தூக்கினான். இதுதானா என்று கேட்டான்.

"இல்ல சார், இது நாங் கொறைச்சது," என்றாள் டெக்லா. "எங்கப்பா இங்கனதான் கவுந்தாரு."

குனிந்து விரல்நுனியால் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டாள். முன்பக்கம் செலஸ்டினும் அப்படியே செய்தான். கடலில் ஒருவன் செத்த இடத்தைச் சங்குமுனையில் யாரும் முழு வேகத்தில் கடப்பதில்லை என்று அவள் சொன்னாள். தலைமாட்டில் தடதடவென்று ஓடினால் தூங்குகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாள். கல்லறைத் தோட்டத்தில் செருப்பைக் கழற்றுகிற மாதிரிதான் இதுவும் என்றாள். நாயகம் தலையாட்டினான். செத்தவனுக்காகவும் பெட்ரோலை எரிக்கிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

கோழித்தீவுக்குக் கிழக்கே, சுற்றிலும் வெறும் தண்ணீராக இருந்த ஓரிடத்தில், எஞ்சின் அடங்கியது.

டெக்லாவின் கை கைப்பிடியை முழுக்க முறுக்கியபடியே இருந்தது. நாயகம் பார்த்தான். அவள் தளர்த்தவில்லை. பெட்ரோல் வந்துகொண்டிருந்தது, தீப்பொறி இருந்தது, சூடு சரியாக இருந்தது. ஆனாலும் எஞ்சின் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கிறவனைப் போல அடிமேல் அடி வைத்துப் போனது. அவள் திரும்பி எஞ்சினைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். நாயகம் முன்னால் பார்த்தான். செலஸ்டின் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தான். வெயில், முகத்தை நனைக்கிறான் என்று நாயகம் நினைத்துக்கொண்டான். சற்றுத் தள்ளிப் போனதும் எஞ்சின் தானாக ஏறியது.

வள்ளத்தைத் திருப்பி எதிர்ப்பக்கமிருந்து வரச் சொன்னான். அதே இடத்தில் விழுந்தது. தெற்கிலிருந்து வரச் சொன்னான். விழுந்தது. ஆழம் பார்க்கும் கருவியை இறக்கினான். அடியில் மணல்தான்; பாறை இல்லை, மூழ்கிய படகு இல்லை, ஒன்றுமே இல்லை.

நாயகத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. விடை தெரிந்துவிட்டது. இனி அதைச் சொல்லிக் காட்டுவதுதான் பாக்கி.

கொட்டகைக்குத் திரும்பி, மடிக்கணினியைத் திறந்து பெட்டியோடு இணைத்தான். எல்லோரும் பார்க்கும்படி திருப்பி வைத்தான்.

"எஞ்சின்ல பழுது இல்ல. மண்டையிலயும் இல்ல. அது படிச்ச பாடத்த ஒப்பிக்குது. யாரோ அந்த எடத்துல எப்பவுமே கையத் தளத்தியிருக்காங்க. இந்தம்மா தளத்தல. அதனால கைதான் தப்பு பண்ணுதுன்னு நெனச்சு, அதுவே கொறைக்குது."

"யாரு கை?" என்றாள் டெக்லா.

"இது யாரோட எஞ்சின்?"

எல்லோரும் கஸ்பாரைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அங்கே அடியில் பாறை உண்டு என்றார். நாயகம் மணல் என்றான். நீரோட்டம் என்றார். நாயகம் அதையும் பார்த்தாகிவிட்டது என்றான். அப்படியானால் வயதாகிவிட்டது, கை சோர்ந்திருக்கும் என்றார் கஸ்பார். இவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிற ஒருவரை எப்படித் தலைவராக வைத்திருக்கிறார்கள் என்று நாயகம் யோசித்தான்.

டெக்லா வரிசையாக மாட்டியிருந்த மற்ற எஞ்சின்களைப் பார்த்தாள். வள்ளங்கள் கரையேறியதும் எஞ்சின்களைக் கழற்றி இங்கே கொண்டுவந்து பூட்டுவதுதான் வழக்கம்.

"எல்லா எஞ்சின்லயும் இதே மண்டைதான சார் இருக்கு?"

"ஆமா."

"அதெல்லாம் அந்த எடத்துல என்ன செய்யும்னு பாத்துச் சொல்லுங்க."

கஸ்பார் அதெல்லாம் தேவையில்லை என்றார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நாயகம் செய்திருக்க மாட்டான். ஒருவர் தேவையில்லை என்றால் அதைச் செய்து காட்டுவது அவனுக்கு இருந்த ஒரே சுறுசுறுப்பு. வயரை ஒவ்வொரு பெட்டியிலும் மாட்டினான். முதல் எஞ்சின், கோழித்தீவுக்குக் கிழக்கே குறைத்தது. அடுத்ததும் குறைத்தது. அதற்கடுத்ததும். வாசலில் நின்றவர்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஒருவன் பீடியைக் காலில் போட்டு மிதித்துவிட்டு மெல்ல நகர்ந்தான். சிவப்புப் பெயின்ட் அடித்த ஓர் எஞ்சின் குறைப்பதோடு விடவில்லை. அந்த இடத்தில் அடியோடு நின்று, பிறகு புறப்பட்டது.

"இது யாரோடது?" என்று கேட்டான் நாயகம்.

செலஸ்டின் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லா எஞ்சினும் அங்க விழுது," என்றான் நாயகம். அவன் குரலில் அந்தப் பழைய புகார் மையத்தின் ருசி ஏறியிருந்தது. "ஆனா இவங்க ஒருத்தருகூட புகார் குடுக்கல. ஏன்னா கையும் எஞ்சினும் ஒண்ணாக் கொறையுது, வித்தியாசமே தெரியாது. உங்க கைக்கு மட்டுந்தான் அந்த எடம் தெரியல."

"எப்பருந்து சார்?"

"முந்தின வருஷம். உங்க கோயில் திருநாள் முடிஞ்ச வாரம். எல்லாத்துக்கும் அதே வாரந்தான்."

பெர்க்மான்ஸ் ரத்னகிரிக்குப் போனதாக ஊர் சொன்ன வாரம் அது என்று கொட்டகையில் நாயகத்தைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்போதுதான் நாயகத்துக்கு மற்றொன்றும் பொருந்தியது. குறுக்கெழுத்துக் கட்டத்தில் கடைசி எழுத்தை நிரப்புகிறவனின் திருப்தியோடு அதையும் சொல்லிவிட்டான்.

"உங்க அண்ணன்கூட அங்க தண்ணியத் தொட்டு நெத்தியில வச்சாரு. உங்கப்பாவுக்கு வச்ச மாதிரியே."

சொன்ன பிறகுதான் அது என்ன என்று அவனுக்கே புரிந்தது.

டெக்லா அழவில்லை. அண்ணன் எதிரில் போய் நின்றாள்.

"அங்க யாருண்ணே கெடக்கா?"

"ஏட்டி, வீட்டுக்குப் போ. பொறவு பேசுவோம்."

"யாரு கெடக்கா?"

செலஸ்டின் கஸ்பாரைப் பார்த்தான். கஸ்பார் கூரையைப் பார்த்தார்.

"வெடி போட்டுப் பிடிக்கப் போனோம்," என்றான் செலஸ்டின். "மீனு செத்து அடியில கெடந்துச்சு. அள்ள அவந்தான் முங்குனான். அவன் மேல வர்றதுக்குள்ள ரெண்டாவது வெடி விழுந்துட்டு."

"யாரு போட்டா?"

"அதக் கேக்காத."

மீதியைக் கஸ்பார் சொன்னார். தலைவர்களுக்கு மீதியைச் சொல்வது கைவந்த கலை. தடை செய்த இடத்தில் வெடி. வெளியே தெரிந்தால் ஊரில் ஒரு வள்ளம் மிஞ்சாது, ஓர் ஆண் மிஞ்ச மாட்டான். போனவன் போய்விட்டான், இருக்கிறவர்களின் வயிற்றைப் பார்க்க வேண்டுமல்லவா. நங்கூரக் கல்லைக் கட்டி, செபம் சொல்லித்தான் இறக்கினோம், அனாதையாக விடவில்லை என்றார். அவளையும் விட்டுவிடவில்லை, வேலை கொடுத்தோம், எஞ்சின் கொடுத்தோம் என்றார். அவர் குரலில் வெட்கம் இல்லை. நன்றி வரவில்லையே என்ற மனத்தாங்கல்தான் இருந்தது.

"ஓடிப்போனவன்னு சொன்னீங்க," என்றாள் டெக்லா. "எம் மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. பூசை வைக்கணும்னு நாங் கேட்டப்ப, உசிரோட இருக்குறவனுக்கு எதுக்குட்டி பூசைன்னு நீங்கதான் மாமா சிரிச்சீங்க."

அவள் வெளியே போய், வாசல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

கஸ்பார் நாயகத்தைக் கொட்டகையின் பின்பக்கம் அழைத்துப் போனார். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். எஞ்சினைப் பார்க்க வந்தவர் எஞ்சினைப் பார்த்தால் போதும் என்று கஸ்பார் மரியாதையாகவே சொன்னார். பெட்டியில் இருப்பதை அழிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றான் நாயகம். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது. அனுப்புவதற்கு முன்னால் துடைத்தால் சுவடே இருக்காது.

"அப்ப தொடச்சிருங்க தம்பி. எல்லாத்தையும். பஸ்டாப்பு தூரம், நம்ம பயலுவதான் கொண்டு விடணும். தனியா நடந்து போறது செரமம்."

மிரட்டலில்கூட ஒரு புதுமை இல்லை என்று நாயகம் நினைத்தான். இந்தக் கோழைகளையும், அந்தத் தலைவரையும், தங்கையிடம் இத்தனை நாள் உண்மையை மறைத்த அண்ணனையும் அவன் மனதார வெறுத்தான். வெறுத்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தான். இது இவர்கள் சாக்கடை, இதில் நான் ஏன் காலை வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டான். எல்லோரும் கேவலமானவர்கள் என்று முடிவு கட்டிவிட்டால் ஒருவன் எதுவும் செய்யாமல் இருந்துவிடலாம். அது அவனுக்கு எப்போதும் வசதியாக இருந்தது. ஒவ்வொரு பெட்டியாகத் துடைத்தான். 'பழுது நீக்கப்பட்டது' என்று பதிந்தான்.

டெக்லா வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். அவன் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தொடச்ச மண்டை மறுபடி படிக்குமா சார்?"

"கை செஞ்சா படிக்கும்," என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் அவனுக்குப் புகார் மையத்துப் பழைய கூட்டாளி மூலம் அரைகுறையாகத் தெரிந்தது. அவள் கம்பெனிக்குப் பலமுறை போன் செய்திருந்தாள். ஆவணம் எதுவும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அவர்கள் செலஸ்டினைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தங்கச்சிக்கு மனசு சரியில்லை, புருஷன் ஓடிப்போன வருத்தம் என்று அவன் சொன்னான். பாதிரியார், செத்ததற்கு ஏதாவது சான்று கொண்டுவந்தால் பூசை வைக்கலாம் என்றார். பழுது இருந்தது, நீங்கியது என்று பதிவாகிவிட்டதால் அவள் கடலுக்குப் போவதைச் சங்கத்தால் தடுக்க முடியவில்லை. ஒருவேளை தடுக்கத் தைரியம் இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்த வருடம் சங்குமுனையிலிருந்து மறுபடி புகார் வந்தது. அதே பெயர், அதே எஞ்சின், அதே கோளாறு. நீக்கப்பட்டதாகப் பதிந்த பழுது திரும்ப வந்தால் பதிந்தவனின் தலைதான் உருளும். நாயகம் கம்பெனியையும் அவளையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினான். வரச்சொல்லி அவள் குறித்திருந்தது கோயில் திருநாளை.

வெயில் தாழாத மாலை. தெருவெல்லாம் காகிதத் தோரணம். ஊரே தேருக்குப் பின்னால் போயிருந்தது. மேளச் சத்தம் தெற்குத் தெருப் பக்கம் கேட்டது. அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. எல்லா எஞ்சின்களையும் கழுவித் துடைத்து, கழுத்தில் மாலை போட்டு, கொட்டகையில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். தேர் நிலைக்கு வந்ததும் பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். நல்ல துணி உடுத்தாமல் டெக்லா மட்டும் கொட்டகை வாசலில் நின்றிருந்தாள்.

நாயகம் அவள் எஞ்சினின் பெட்டியில் வயரை மாட்டினான். கோழித்தீவுக்குக் கிழக்கே குறைத்தது. ஆனால் இந்த முறை கையும் கூடவே குறைத்திருந்தது.

"இது நீங்க சொல்லிக் குடுத்தது," என்றான்.

"ஆமா. தெனமும் அங்கன கொறைப்பேன். எம் புருஷன் கெடக்காருல்ல."

"அப்ப எதுக்குப் புகாரு?"

"புகார் குடுத்தாத்தான் நீங்க வருவீங்க. மத்ததையும் பாருங்க சார்."

அவன் பார்த்தான். பார்க்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் பார்த்தான். முதல் எஞ்சின் குறைத்தது. அடுத்தது குறைத்தது. மாலையோடு நின்ற அத்தனையும், போன முறை அவன் வரவே இல்லை என்பதுபோல, அதே இடத்தில் மூச்சை அடக்கின. சிவப்பு எஞ்சின் அங்கே போய் நின்றது. அவன் துடைத்துவிட்டுப் போனதை இவர்கள் கை ஒவ்வொரு நாளும் மறுபடி எழுதியிருந்தது. மாட்டிக்கொள்வோம் என்று தெரியும். பெட்டி படிக்கிறது என்றும் தெரியும். இருந்தும் செத்தவன் தலைக்கு மேலே முழு வேகத்தில் போக ஒருவனுக்கும் நெஞ்சு வரவில்லை. அவன் ஓடிப்போனான் என்று அவன் பொண்டாட்டியிடம் சொல்ல மட்டும் வந்தது.

"இவ்வளவு கோழைங்கள ஒரே வரிசையில நான் பாத்ததில்ல," என்றான் நாயகம்.

"நீங்களும் அந்த வரிசதான சார்," என்றாள் டெக்லா.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இன்ன மீன் இன்ன விலை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"இப்ப எல்லாத்தையும் ஆபீசுக்கு அனுப்புங்க. அண்ணன் எஞ்சினையும் சேத்து. எம் புருஷன் ஓடிப்போனவரு இல்ல, செத்தவரு. அது ஒரு எடத்துலயாவது இருக்கணும். அதக் கையில வச்சுக்கிட்டு நான் கோர்ட்டுக்குப் போவேன், கோயிலுக்கும் போவேன்."

நாயகம் கம்பெனி விதிகளைப் பற்றிச் சொன்னான். அனுமதி வாங்க வேண்டும் என்றான். ஆபீசில் கேட்டுவிட்டு நாளைக்குச் செய்வதாகச் சொன்னான். அவன் குரல் அவனுக்கே கஸ்பாரின் குரலாகக் கேட்டது. அவள் பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"நல்லவருன்னு நம்பி உங்களக் கூப்பிடல," என்றாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "தேரு இப்ப சந்தியத் தாண்டியிருக்கும். நெலைக்கு வந்ததும் அவங்க எல்லாரும் இங்கதான் வருவாங்க. கம்பெனி ஆளு எஞ்சின்களோட உள்ள இருக்காருன்னு நானே போயி சொல்லிருவேன். நீங்க அனுப்புனாலும் அனுப்பிட்டீங்கன்னுதான் நெனப்பாங்க. அனுப்பலன்னாலும் அப்படித்தான் நெனப்பாங்க."

"தொடச்சிட்டேன்னு காட்டினா?"

"அனுப்பிட்டுத் தொடச்சீங்களோ, அனுப்பாமத் தொடச்சீங்களோ, அவங்களுக்கு எப்படித் தெரியும்? போன தடவ அவங்க நம்புனாங்க. இந்தத் தடவ உங்களக் கூப்பிட்டது நானு."

நாயகம் வாசலைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே வெளியே நின்றிருந்தாள்.

"அனுப்பியாச்சுன்னா கம்பெனிக்குத் தெரிஞ்சுரும், ஒங்க மேல ஒருத்தனும் கைய வைக்கமாட்டான். அனுப்பலன்னா நீங்க எங்க இருக்கீங்கன்னு யாருக்கும் தெரியாது. பஸ்டாப்பு தூரம் சார்."

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களைப் பற்றிச் சொல்ல அவனிடம் நிறைய இருந்தது. இப்போது ஒன்றும் வரவில்லை. மடியில் இருந்த திரையில் 'அழி', 'அனுப்பு' என்று இரண்டு பொத்தான்கள், பக்கத்துப் பக்கத்தில். போன வருடம் அவன் அமுக்கியது இடது பக்கம் இருந்ததை.

மேளம் அருகே வந்துகொண்டிருந்தது. டெக்லா தகரக் கதவை இழுத்துச் சாத்தினாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு வளையத்தில் நுழைந்தது, சாவி ஒருமுறை திரும்பியது.